ஏரியோரப் பட்டா நிலம்: எங்கள் இடத்தில் நாங்கள் மனை போடக் கூடாதா?

செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் ஆசிரியை, வயது 46. ஊர்ப் பெரிய ஏரியை ஒட்டி அப்பா விட்டுச்சென்ற 1 ஏக்கர் 80 சென்ட் புன்செய் நிலம் இருக்கிறது. பட்டா இவர் பெயரிலும் தம்பி பெயரிலும் கூட்டாக இருக்கிறது. அம்மா இவருடன்தான் வசிக்கிறார். அக்கம்பக்கத்து நிலங்களையும் சேர்த்து 22 ஏக்கரில் மனைப்பிரிவு போட ஒரு புரொமோட்டர் வந்தார். அக்காவும் தம்பியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு 12 லட்சம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள். செம்மண் லாரிகள் வந்த அன்று, ஏரிக்குக் கீழே பயிர் செய்பவர்களும் ஊர் இளைஞர்களும் பாதையில் உட்கார்ந்து மறித்தார்கள். பிறகு கலெக்டரிடம் மனுக் கொடுத்து, கிராம சபையிலும் தீர்மானம் போட்டார்கள். முன்னே நிற்பவர்களில் ஒருவர் இவருடைய சித்தப்பா மகன், இவருக்கு அண்ணன் முறை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது புரொமோட்டர் இரண்டு கையெழுத்துகள் கேட்கிறார். ஒன்று, நிலம் முழுவதற்கும் பொது அதிகார ஆவணம் (பவர்). இன்னொன்று, அண்ணன் உட்பட ஒன்பது பேர் மீது தடையுத்தரவும் நஷ்டஈடும் கேட்டுப் போடப்போகும் வழக்கின் வக்காலத்து. வாசகி கேட்கிறார்: "அப்பா வருஷா வருஷம் கிஸ்தி கட்டிய நிலம். அதை விற்கக் கூடாது என்று சொல்ல இவர்கள் யார்? ஏரி வேண்டும் என்றால் அரசாங்கம் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும். குறுக்கே போகும் வாய்க்காலைக் குழாய் போட்டு ஓரமாகத் திருப்பிவிடுவதாகப் புரொமோட்டர் சொல்கிறார். அப்ரூவல் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்தானே?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. மகளின் கல்லூரிச் செலவுக்கும் அம்மாவின் மருத்துவத்துக்கும் இந்த நிலத்தைத்தான் நம்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இத்தனை நாள் அந்த நிலத்தைத் திரும்பியும் பார்க்காதவர்கள், விற்கப்போகும் நேரத்தில் "ஊர்ச் சொத்து" என்று வந்து நின்றால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். நிலம் உங்களுடையது என்பதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்: "ஐப்பசியில் மழை பிடித்தால் தை பிறக்கும்வரை முழங்கால் தண்ணீர் நிற்கும், அது வடிந்த பிறகுதான் அப்பா தர்பூசணி போடுவார்." உங்கள் கேள்விகள் அத்தனைக்கும் பதில் இந்த வரியைச் சுற்றித்தான் இருக்கிறது.

பட்டா எதைத் தருகிறது, எதைத் தரவில்லை

அரசியலமைப்பின் 44-வது திருத்தத்துக்குப் பிறகு சொத்துரிமை அடிப்படை உரிமை இல்லை. ஆனால் 300ஏ பிரிவு இருக்கிறது. சட்டத்தின் துணையில்லாமல் யாரும் உங்கள் சொத்தைப் பறிக்க முடியாது. கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு, அதிகாரிகள் அதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத் தீர்மானம் போட்டதாலேயே உங்கள் நிலம் புறம்போக்கு ஆகிவிடாது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதாலும் அது அரசு நிலமாகிவிடாது. ஏரியின் முன்கரையில், தண்ணீர் நிறைந்தால் மூழ்கி வடிந்தால் பயிராகும் பட்டா நிலங்கள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன. இளைஞர்கள் "மத்திய அரசின் ஈரநிலச் சட்டப்படி இங்கே எதுவும் செய்ய முடியாது" என்று பேனர் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. 2017-ன் ஈரநில விதிகள், பாசனத்துக்காக மனிதர் கட்டிய நீர்நிலைகளைத் தம் வரையறையிலிருந்து விலக்கியே வைத்திருக்கின்றன.

இது உங்களுக்குச் சாதகமான பக்கம். அடுத்த பக்கத்தையும் பாருங்கள். நிலத்தை வைத்திருக்கும் உரிமை வேறு, அதன் தன்மையை மாற்றும் உரிமை வேறு. மனைப்பிரிவு போட நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் கீழ் திட்ட அனுமதி வேண்டும். ஏரிக்குப் பக்கத்து நிலம் என்றால், வெள்ளத்தில் மூழ்குமா என்ற கோணத்தில் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் வரும் இடங்களுக்கு நிபந்தனை விதிக்கவும் அனுமதியை மறுக்கவும் 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதிகாரம் தருகின்றன. எனவே பட்டா இருக்கிறது என்பது அனுமதி கேட்கும் தகுதியைத்தான் உங்களுக்குத் தருகிறது. அனுமதி தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அது யாருக்கும் உண்டாக்கவில்லை.

பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு, அதுவே முடிந்த முடிவான உரிமை ஆவணம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். யுடிஆர் என்ற திட்டத்தின் கீழ் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது நடந்த பிழைகளை இன்றுவரை திருத்திக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு யுடிஆருக்கு முந்தைய பழைய ஏ பதிவேட்டில் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யாருடையது என்று குறிக்கும் கிராமக் கணக்கு) என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா? அங்கே "புன்செய்" என்று அப்பாவோ தாத்தாவோ பெயரோடு இருந்தால் உங்கள் கை ஓங்கும். "ஏரி" என்றோ "ஏரி உள்வாய்" (ஏரியின் உட்பகுதி) என்றோ இருந்தால், உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து விசாரித்துப் பட்டாவை ரத்து செய்யும் பேச்சே எழலாம். புரொமோட்டரின் வக்கீல் கொடுத்த லீகல் ஒப்பீனியனில் வில்லங்கச் சான்றும் பத்திரங்களும்தான் அலசப்பட்டிருக்கின்றன. பழைய பதிவேட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

வாய்க்காலை ஓரமாகத் திருப்பலாமா?

நீங்கள் அனுப்பிய எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) நகலைப் பார்த்தேன். உங்கள் எண்ணின் வடக்கு எல்லையில் நுழைந்து தென்கிழக்கு மூலையில் வெளியேறும் இரண்டு இணைகோடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே தனி உட்பிரிவு எண்ணும் போட்டிருக்கிறது. தனி எண் என்றால், அந்தப் பட்டை உங்கள் 1 ஏக்கர் 80 சென்ட்டில் சேராது. ஏ பதிவேட்டில் அதற்கு எதிரே "வாய்க்கால் புறம்போக்கு" என்று இருக்கும் என்பதே என் கணிப்பு, அதை நகல் வாங்கி உறுதிசெய்யுங்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் அது. அதை விற்க உங்களுக்கும் உரிமையில்லை, நகர்த்த புரொமோட்டருக்கும் உரிமையில்லை.

ஒரு பேச்சுக்கு, அது தனி எண் இல்லாமல் பட்டாவுக்குள்ளேயே ஓடும் ஓடை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அடைத்துவிட முடியாது. 1882-ன் வசதியுரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவு, மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் இயற்கையாகப் பள்ளத்து நிலத்தின் வழியே வடிந்து போவதை மேட்டு நிலக்காரரின் இயல்பான உரிமையாகச் சொல்கிறது. "இது எங்கள் நிலம்" என்று நீங்கள் சொல்வதைப் போலவே, உங்களுக்கு மேற்கே நிலம் வைத்திருப்பவரும் சொல்லலாம். அவருடைய சொத்துரிமையின் ஒரு பகுதி, அவருடைய தண்ணீர் உங்கள் நிலத்தின் வழியாக வெளியேறுவது. உங்கள் இடத்தை நாலடி உயர்த்தினால் அவருடைய இடம் குளமாகும். எதிர்ப்பவர்களை "வேலையில்லாதவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் பாதிப் பேர் ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது அந்த ஏரித் தண்ணீரில் பாசனம் பெறும் நிலக்காரர்கள். ஏரியின் கொள்ளளவு குறைந்தால் அவர்கள் வயலுக்குப் பாயும் நீர் குறையும். இது அவர்களுக்கும் சொத்துப் பிரச்சினைதான்.

உயர் நீதிமன்றம் இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது என்பதில் குழப்பமே இல்லை. 2005-ல் எல்.கிருஷ்ணன் வழக்கில் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னது. 2007-ல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குள் வராத நீர்நிலைகளையும் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதை 2015-ல் டி.கே.சண்முகம் வழக்கில் முழு அமர்வு உறுதிசெய்தது. நீர்நிலைகளை அரசு மக்களின் சார்பில் அறங்காவலராக வைத்திருக்கிறது என்பதே இவற்றின் அடிநாதம்.

"அப்ரூவல் இல்லாவிட்டால் பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம்" என்று உங்கள் தம்பியிடம் யாரோ சொன்னதை நம்பாதீர்கள். 2017-ன் வரன்முறைத் திட்டம் 20.10.2016-க்கு முன்பு உருவான மனைப்பிரிவுகளுக்கானது. அதிலும் நீர்நிலையிலும் வாய்க்காலிலும் விழும் மனைகளுக்கு இடமில்லை. அங்கீகாரமில்லாத மனையைப் பத்திரம் போடச் சார்பதிவாளரிடம் போனால், பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்.

அரசு இழப்பீடு தர வேண்டாமா?

நியாயமான கேள்வி. ஆனால் பலரும் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அரசு உங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டால் இழப்பீடு உண்டு. 2013-ன் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி சந்தை மதிப்பும், அதன் மேல் நூறு சதவீத ஆறுதல் தொகையும் கேட்கலாம். நாளைக்கே ஏரிக்கரையை உயர்த்தி, முன்பு தண்ணீர் ஏறாத பகுதியிலும் நிரந்தரமாக நீர் தேங்கும்படி செய்தால் தாராளமாக இழப்பீடு கேளுங்கள், உங்களுக்காக நானே வாதாடத் தயார்.

நிலத்தை உங்களிடமே விட்டுவிட்டு, "இதில் மனை போட அனுமதி இல்லை, பயிர் செய்துகொள்ளுங்கள்" என்று விதி சொன்னால், அது பொதுவாகப் பறிப்பாகக் கருதப்படுவதில்லை. பொது நலனுக்கான கட்டுப்பாடாகவே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) பூங்காவுக்கோ சாலைக்கோ நிலத்தை ஒதுக்கிவிட்டு மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தாவிட்டால், 1971 சட்டத்தின் 38-வது பிரிவுப்படி ஒதுக்கீடு நீங்கிவிடும். தம்பி இணையத்தில் படித்ததாகச் சொல்வது இதைத்தான். உங்கள் நிலம் எதற்கும் ஒதுக்கப்படவில்லை, வேளாண் பயன்பாட்டில் இருக்கிறது. அந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது.

இதில் ஓர் அநீதி இருப்பதை நான் மறுக்கவில்லை. ஏரி நிறைந்தால் ஊரே பயனடைகிறது, விலை ஏறாத நிலத்தின் சுமையை உங்களைப் போன்ற சில குடும்பங்கள் மட்டும் சுமக்கின்றன. ஊர்க்காரர்கள் உங்களைத் திட்டுவதற்கு முன் இதை யோசித்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இல்லாதவர்கள்

கடிதத்தில் புரொமோட்டர் இருக்கிறார், ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், தம்பி இருக்கிறார். அந்த மனைகளை வாங்கப்போகிறவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு போலீஸ்காரர், ஒரு நர்ஸ், வெளிநாட்டில் ஓட்டுநராக இருந்து சேர்த்துக்கொண்டு வந்தவர் என்று அவர்களும் உங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள்தான். சித்திரை மாதத்தில் வந்து காய்ந்த மண்ணைப் பார்த்து, கடன் வாங்கி வீடு கட்டுவார்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, மக்களைப் படகில் மீட்டதை நீங்கள் பக்கத்திலிருந்தே பார்த்திருப்பீர்கள்.

இது மனசாட்சிக்கு மட்டும் விட்ட விஷயமும் இல்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55(1)(ஏ) பிரிவு, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் அதை மோசடி என்றே சட்டம் குறிக்கிறது. தை வரை தண்ணீர் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அடங்கல் என்ற பயிர்க் கணக்கில் ஒவ்வொரு பசலி ஆண்டுக்கும் நீர் தேங்கிச் சாகுபடி இல்லை என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதியிருந்தால், அது எழுத்திலும் இருக்கிறது.

ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தையும் கவனியுங்கள். மனையை உருவாக்குபவர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என்றால் இருவரையுமே அது புரொமோட்டராகக் கருதுகிறது, பொறுப்பும் கூட்டாக வரும். உங்கள் ஒப்பந்தத்தின் 9-வது பத்தியின்படி, மனைகளை நில உரிமையாளர்களே நேரடியாக வாங்குபவர் பெயருக்குக் கிரையம் செய்து தர வேண்டும். வெள்ளம் வந்தபின் புரொமோட்டரின் அலுவலகம் அங்கே இருக்குமோ இருக்காதோ, கிரையப் பத்திரத்தில் உங்கள் பெயரும் புகைப்படமும் இருக்கும்.

பவரும் வழக்கும்

இரண்டிலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். பவர் வரைவில் "ரத்து செய்ய முடியாதது" என்று இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் இத்தகைய பவரை, ஒப்பந்தச் சட்டத்தின் 202-வது பிரிவைக் காட்டி, நீங்கள் நினைத்த நேரத்தில் ரத்து செய்ய விடமாட்டார்கள். அதன் பிறகு உங்கள் பெயரில் என்னென்ன விண்ணப்பம், என்னென்ன உறுதிமொழி போகிறது என்பதே உங்களுக்குத் தெரியாது.

ஒன்பது பேர் மீதான வழக்கால் நிலத்துக்கு ஒரு நன்மையும் வராது. லாரியை மறித்தது சட்டப்படி தவறு, நீங்கள் நிலத்துக்குப் போய்வருவதைத் தடுத்தால் போலீஸிலும் நீதிமன்றத்திலும் பாதுகாப்புக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கலெக்டரிடம் மனுக் கொடுத்ததற்கு நஷ்டஈடு கேட்பது நிற்காது. பதிலுக்கு அவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கோ, பொதுநல வழக்காக உயர் நீதிமன்றத்துக்கோ போவார்கள். தீர்ப்பாயத்தில் இத்தகைய தகராறுகளைப் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் எழுப்ப வேண்டும். ஆனால் இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கோருவதற்கு ஐந்தாண்டு அவகாசம் இருக்கிறது. கொட்டிய மண்ணை உங்கள் செலவில் அள்ளச் சொன்னால், 12 லட்சத்தில் எவ்வளவு மிஞ்சும்?

இன்னொன்று: அப்பா உயில் எழுதவில்லை என்கிறீர்கள். அவர் சொந்தமாக வாங்கிய நிலம் என்றால் அம்மாவும் சம பங்குதாரர். பட்டாவில் பெயர் இல்லை என்பதால் அவர் பங்கு போய்விடாது. அவர் கையெழுத்தில்லாத ஒப்பந்தம் அவர் பங்கைக் கட்டுப்படுத்தாது.

இனி என்ன செய்யலாம்

முதலில் அளவை. ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் உங்கள் நிலத்தில் எதுவரை வருகிறது என்று எல்லை குறித்துத் தரும்படி நீர்வளத்துறைச் செயற்பொறியாளருக்கும், நில எல்லையையும் வாய்க்கால் எல்லையையும் அளந்து காட்டும்படி தாசில்தாருக்கும் நீங்களே மனுக் கொடுங்கள். பழைய ஏ பதிவேடு, அடங்கல் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அளக்கும் நாளில் உங்கள் அண்ணனையும் ஆயக்கட்டுக்காரர்கள் இருவரையும் கூட நிற்கச் சொல்லுங்கள். எல்லோர் கண்முன்னும் அளந்த கல்லைப் பிறகு யாரும் மறுக்க முடியாது. புரொமோட்டர் அளக்க ஆள் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அளந்த பிறகு மூன்றில் ஒன்று தெரியவரும். நிலம் முழுவதும் கொள்ளளவு மட்டத்துக்கு மேலே இருந்து, வாய்க்காலையும் தொடாமல் மனை போட முடிந்தால், நீர்வளத்துறையின் சான்றும் திட்ட அனுமதியும் கைக்கு வந்தபின் விற்கலாம். அப்போது ஊர் எதிர்த்தாலும் சட்டம் உங்கள் பக்கம். மேற்குப் பகுதி மட்டும் மேடாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதை உட்பிரிவு செய்து பிரித்து விற்று, தாழ்ந்த பகுதியைப் பயிருக்கு வைத்துக்கொள்ளலாம். என் மனத்துக்குப் பட்டது இந்த வழிதான், கிடைக்கும் தொகை குறைந்தாலும் அந்தப் பணத்தை நிம்மதியாகச் செலவழிக்கலாம். முழுவதும் மூழ்கும் நிலம் என்றால் விவசாய நிலமாக, உண்மையைச் சொல்லி, விவசாயிக்கு விற்கலாம், அல்லது குத்தகைக்கு விடலாம். ஏரியை ஆழப்படுத்தும் திட்டம் எதற்காவது அந்த இடம் தேவைப்பட்டால் உரிய விலைக்குத் தர விருப்பம் என்று கலெக்டருக்கு எழுதிவைக்கலாம். கிராம சபையும் அதை வலியுறுத்தித் தீர்மானம் போடட்டும். ஏரியைக் காக்க நினைக்கும் ஊர், உங்களுக்கு நியாயமான விலை கிடைக்கவும் சேர்ந்து நிற்க வேண்டும். அண்ணனிடம் இதை நேரடியாகவே கேளுங்கள்.

அட்வான்ஸைப் பொறுத்தவரை, ஒப்பந்தம் பதிவு செய்யப்படவில்லை, எனவே செல்லாது என்று தம்பி நினைப்பது ஆபத்து. பதிவு செய்யாத கிரைய ஒப்பந்தத்தையும் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே சும்மா இருந்துவிடாதீர்கள். அரசு அனுமதிகள் வரும்வரை மண் கொட்டக் கூடாது, வாய்க்காலைத் தொடக் கூடாது, குறிப்பிட்ட தேதிக்குள் அனுமதி வராவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தந்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வோம் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். கடிதத்தில் அம்மாவும் கையெழுத்துப் போடட்டும். அந்த 12 லட்சத்தில் 4 லட்சத்தைத் தம்பி செலவழித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மீதியைத் தொடாமல் வங்கியில் வையுங்கள். தம்பி எடுத்ததை எப்போது, எப்படித் திருப்பி வைப்பார் என்று இந்த வாரமே உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய ஏ பதிவேட்டின் நகல் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பட்டா ரத்து பற்றி நோட்டீஸ் வந்தால் அதில் குறிப்பிட்ட விசாரணைத் தேதியைத் தவறவிடாதீர்கள். அன்றைக்கு அப்பாவின் கிஸ்தி ரசீதுகள் அத்தனையும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.